பொம்மையை அசைக்கும் கை

பேராக்கில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் 'அனிமேஷன் படம் போடுகிறோம், வாருங்கள்' என்று கூப்பிட்டால், 'பிள்ளைகளை எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடணும்?' என்றுதான் கேட்பார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. 2007-இல் 'உப்பின் இப்பின்' என்ற கார்ட்டூன் தொடர் வந்ததிலிருந்து மலேசிய வீடுகளில் அனிமேஷன் என்றால் அதுதான். அந்த மலாய்க் கிராமத்துப் பிள்ளைகளோடு ராஜு என்ற தமிழ்ப் பையனும் ஓடியாடுகிறான். நம் வீட்டுப் பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் மலாய் பேசப் பழகுகிறார்கள். ஆனால் இந்தக் கலைக்கு வேறொரு வம்சமும் உண்டு. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பெரியவர்கள் பார்க்க வேண்டிய வம்சம் அது. செத்த பூச்சி, களிமண் தலை, அட்டையில் வெட்டிய மனிதன், கந்தல் துணி இவற்றையெல்லாம் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக) நகர்த்திப் படம் பிடித்தவர்களின் வம்சம்.

இந்தப் படங்களுக்கு உலகம் முழுவதும் ரசிகர்கள் உண்டு. பெரும்பாலும் 'விசித்திரம்', 'ஒரே இருட்டு' என்று சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த இருட்டு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். இவற்றில் நல்ல படங்கள் எல்லாமே அதிகாரத்தைப் பற்றியவை என்று நான் நினைக்கிறேன். தானாக அசைய முடியாத ஒன்றை ஒரு கை அசைக்கிறது. கை யாருடையது, அசைகிற உடம்புக்கு அதில் விருப்பம் உண்டா என்ற கேள்வி எந்தக் கதை சொன்னாலும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கலையின் தொடக்கத்திலேயே பிணங்கள் இருந்தன. லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். அன்று ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த லித்துவேனியாவின் கவுனாஸ் நகரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். கொம்பு வண்டுகள் சண்டை போடுவதைப் படம்பிடிக்க ஆசைப்பட்டார். விளக்கைப் போட்டதும் வண்டுகள் ஒத்துழைக்கவில்லை. அப்புறம் செத்த வண்டுகளின் கால்களைக் கழற்றி, கம்பியும் மெழுகும் வைத்துத் திரும்பப் பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தார். 1912-இல் அவர் செய்த 'ஒளிப்பதிவாளரின் பழிவாங்கல்' ஒரு கள்ளக்காதல் கதை. வண்டுக் கணவர் நகரத்துக்குப் போய் நடனக்காரத் தும்பியோடு விடுதியில் தங்குகிறார். பொறாமை பிடித்த வெட்டுக்கிளி அதைக் கேமராவில் எடுத்து, கணவனும் மனைவியும் உட்கார்ந்திருக்கும் சினிமாக் கொட்டகையிலேயே ஓட்டிவிடுகிறது. அந்தக் காலத்தில் இவை பழக்கப்படுத்திய உயிருள்ள பூச்சிகள் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். பெரியவர்களுக்கான கதை, செத்த உடம்புகளின் நடிப்பு, ஒளிந்திருந்து பார்க்கும் கேமரா. அடுத்த நூறு ஆண்டுகளில் வந்த இருண்ட படங்களின் சரக்கு எல்லாம் அந்தச் சின்னப் படத்திலேயே இருக்கிறது.

ஸ்டாப்-மோஷன் என்ற இந்த வேலை நடக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு நிலையை இரண்டு சட்டங்களுக்கு வைத்துக்கொண்டால் விநாடிக்கு 12 முறை பொம்மையைத் தொட வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 720 முறை. பொம்மைக்கு உள்ளே மூட்டு வைத்த உலோக எலும்புக்கூடு இருக்கும், மேலே ரப்பரோ களிமண்ணோ துணியோ. ஒவ்வொரு முறை தொடும்போதும் துணியில் ஒரு சுருக்கம் விழும், களிமண்ணில் விரல் தடம் பதியும். படம் ஓடும்போது பொம்மையின் உடம்பு லேசாகக் கொதித்துக்கொண்டே இருப்பது அதனால்தான். கணினியில் செய்த படத்தில் இதை வேண்டுமென்றே சேர்த்தால்தான் உண்டு. இங்கே அது தானாக வந்துவிடுகிறது. திரையில் இல்லாத ஒரு கை அங்கே இருந்திருக்கிறது என்பதை நம் கண் உணர்ந்துவிடுகிறது. மனசில் ஏற்படும் அந்தக் கலக்கத்துக்குக் காரணம் இதுதான்.

நமக்கு இது அந்நியமும் இல்லை. பாலக்காட்டுப் பகுதி பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக் கூத்தில் இன்றைக்கும் கம்பனின் தமிழ்ப் பாட்டைத்தான் பாடுகிறார்கள். கூத்துமாடம் அம்மனைப் பார்த்து நிற்கும். மனிதர்கள் யாரும் வராவிட்டாலும் ஆட்டம் நடக்கும், ஏனென்றால் பார்க்க வேண்டியவள் அவள். தோட்டங்களிலோ, செம்பனைக்கு நடுவே மஞ்சள் பூசி வேல் குத்திய கல் முனியாண்டியாகிறது, அதைத் தாண்டும்போது மோட்டார் சைக்கிளின் வேகம் குறைகிறது. உயிரில்லாத பொருளுக்குள் ஒரு விருப்பம் இருக்கலாம் என்ற எண்ணம் ஐரோப்பிய விமர்சகருக்குப் பெரிய தத்துவமாகத் தெரியலாம். இங்கே அது வெள்ளிக்கிழமை வழக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தக் கலையின் தலைநகரம் பிராக். செக்கோஸ்லோவாக்கியாவில் பொம்மலாட்டம் பழைய மக்கள் கலை, கம்யூனிச அரசு அதற்குப் பணமும் ஸ்டுடியோவும் கொடுத்தது. கொடுத்த கையைப் பற்றியே படம் எடுத்தார் யீரி த்ரன்கா. 1965-இல் வந்த 'தி ஹேண்ட்' 18 நிமிடம்தான், வசனம் கிடையாது. ஒரு குட்டிக் குயவன் தன் ஒற்றைச் செடிக்குத் தொட்டி செய்துகொண்டிருக்கிறான். ஆளுயர வெள்ளைக் கையுறை ஒன்று உள்ளே வந்து, தொட்டி வேண்டாம், என்னைச் சிலையாகச் செய் என்கிறது. அவன் மறுக்கிறான். பணம், மெடல், மிரட்டல் எல்லாம் வருகின்றன. கடைசியில் கூண்டில் அடைத்து, கையிலும் காலிலும் கயிறு கட்டி அவனையே ஆட்டுவித்துச் சிலையைச் செதுக்க வைக்கிறது. தப்பித்து ஓடிவந்தவன் தலையில் அவன் வளர்த்த செடித்தொட்டியே விழுந்து செத்துப்போகிறான். கை அவனுக்கு அரசு மரியாதையோடு அடக்கம் நடத்துகிறது. த்ரன்கா தன் பொம்மைகளின் முகத்தை மாற்றுவதே இல்லை, விளக்கையும் கோணத்தையும் மாற்றித்தான் சோகத்தையும் பயத்தையும் வரவழைப்பார். அந்தக் குயவனின் முகம் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே முகம். 1969-இல் த்ரன்கா இறந்தார். அதற்குப் பிறகு படத்தை அரசு முடக்கியது.

அவருக்குப் பிறகு யான் ஷ்வான்க்மாயர். 1934-இல் பிறந்தவர், பொம்மலாட்டம் படித்தவர், தன்னைச் சர்ரியலிஸ்ட், அதாவது கனவின் போக்கில் கலை செய்பவர் என்று சொல்லிக்கொண்டவர். 1970-களில் பல ஆண்டுகள் அவரைப் படமெடுக்க விடவில்லை. 1982-இல் 'டைமென்ஷன்ஸ் ஆஃப் டயலாக்' எடுத்தார். காய்கறியாலும் சமையல் பாத்திரங்களாலும் புத்தகங்களாலும் ஆன தலைகள் ஒன்றையொன்று விழுங்கி அரைத்துத் துப்பி, கடைசியில் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மனிதத் தலைகளாகிவிடுகின்றன. கடைசிப் பகுதியில் இரண்டு களிமண் கிழத் தலைகள். ஒன்று பல்துலக்கும் தூரிகையை நீட்டினால் மற்றது பற்பசை தரும், ஒன்று ரொட்டி நீட்டினால் மற்றது வெண்ணெய். வரிசை தவறியதும் வெண்ணெயைச் செருப்பில் தடவி, பற்பசையைப் பென்சிலில் பிதுக்கி, இரண்டும் மூச்சு வாங்கி வெடித்துச் சாய்கின்றன. பெர்லின் விழா இதற்குக் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருது கொடுத்தது. சொந்த நாட்டில் கட்சியின் கருத்தியல் குழுவுக்கு, எப்படிப் படம் எடுக்கக் கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டாக இதைப் போட்டுக் காட்டினார்கள். 1988-இல் அவர் எடுத்த 'ஆலிஸ்' படத்தில் வெள்ளை முயல் ஒரு பாடம் செய்த முயல். வயிற்றுத் தையலிலிருந்து மரத்தூள் கொட்டிக்கொண்டே இருக்கும், அது அந்தக் கிழிசலைத் தானே மூடிக்கொள்ளும். மனிதர் கை பட்ட பழைய பொருட்களில் அந்த மனிதர்களின் பயமும் ஆசையும் தங்கியிருக்கும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை உள்ளவரின் படத்தில் மேசை இழுப்பறை திறப்பதுகூட நெஞ்சை அடைக்கும்.

தணிக்கை கடுமையாக இருந்த இடத்தில் ஏன் இவ்வளவு நல்ல படங்கள்? பொம்மைக்கு யாரும் பயப்படாததுதான் காரணம் என்பார்கள். பாதிதான் சரி. 'தி ஹேண்ட்' படத்தில் கையுறைக்குப் பெயர் இல்லை, கொடி இல்லை, நாடு இல்லை. அதனால் அது எந்த நாட்டுக்கும் பொருந்தும். பெயர் சொல்ல முடியாததால் வந்த அந்தப் பொதுத்தன்மைதான் அறுபது ஆண்டு கழித்துப் பேராக்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதைப் புரியவைக்கிறது.

இங்கே 'ஃபன்டாஸ்டிக் பிளானட்' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1973-இல் ரெனே லலூ இயக்கியது, பிரான்சும் செக்கோஸ்லோவாக்கியாவும் சேர்ந்து தயாரித்தது. ஓவியங்களை உருவாக்கியவர் ரோலான் தோப்போர், சிறுவயதில் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வளர்ந்த போலந்து யூதக் குடும்பத்துப் பிள்ளை. அட்டையில் வெட்டிய உருவங்களைப் பிராகில் த்ரன்காவின் பெயரிலுள்ள ஸ்டுடியோவில் வைத்து அசைத்தார்கள். கான் விழாவில் அந்த ஆண்டு சிறப்புப் பரிசு கிடைத்தது. கதையில் நீல நிறமும் சிவப்புக் கண்ணுமாக 'திராக்' என்ற பூதாகார இனம், அவர்களின் காலடியில் 'ஓம்' என்ற பெயரில் மனிதர்கள். முதல் காட்சியில் ஒரு தாய் கைக்குழந்தையோடு ஓடுகிறாள். பெரிய நீல விரல்கள் அவளைத் தூக்குகின்றன, சுண்டித் தள்ளுகின்றன, மறுபடி தூக்குகின்றன. அவள் செத்துப்போகிறாள். விரல்களுக்குச் சொந்தமான பிள்ளைகளுக்கு, விளையாட்டு முடிந்துவிட்டதே என்ற வருத்தம் மட்டும்தான்.

அநாதையான குழந்தையைத் திவா என்ற திராக் சிறுமி எடுத்து வளர்க்கிறாள். பாசமாகத்தான் வளர்க்கிறாள். உடுப்புப் போட்டு அழகு பார்க்கிறாள், கழுத்தில் ஒரு பட்டையும் மாட்டுகிறாள். அவள் கையிலுள்ள வளையத்தை அழுத்தினால் பட்டை அவனை இழுத்துக்கொண்டு வந்துவிடும். படத்தில் என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது அந்தப் பாசம்தான். கொடுமைக்காரத் துரையைப் பற்றிப் பேசுவது சுலபம், நல்ல துரையைப் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம். எங்கள் ஊரில் படம் பார்த்த ஒரு பாட்டி, ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர், பாதியிலேயே சொன்னார்: "எங்க துரையும் தங்கமானவருதான்யா. தீபாவளிக்குப் பிள்ளைங்களுக்கு எல்லாம் குடுப்பாரு. ஆனா அவர் வர்ற பாதையில எங்கப்பா சைக்கிள்ல ஏறி உக்காந்ததே இல்ல, இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவாரு." 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றில் இதுவும் ஒன்று: துரைமார், கிராணிமார் (தோட்டக் கணக்கர்கள்) முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கச் சொல்லக் கூடாது. அந்தப் போராட்டத்தை அடக்கப் பட்டாளமே வந்தது.

அதே படத்தில் கல்வி வரும் வழியையும் கவனிக்க வேண்டும். திவா பாடம் கேட்பது தலையில் மாட்டும் ஒரு கருவியில். அவள் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும் ஓம் பையனுக்கும் அந்தப் பாடம் கசிந்து ஏறுகிறது. அவளுக்குத் தெரியாமல் அவன் படித்துவிடுகிறான், பிறகு கருவியையே இழுத்துக்கொண்டு ஓடி, பூங்காவில் ஒளிந்து வாழும் மற்ற ஓம்களுக்குக் கொடுக்கிறான். மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகையும், கணக்கு எழுதுகிற கிராணியே வாத்தியாருமாக இருந்தது. தோட்டத்துக்கு வேண்டிய அளவு எழுத்து போதும் என்பதுதான் கணக்கு. அந்தக் கொட்டகைகளிலிருந்து ஆசிரியர்களும் தொழிற்சங்கக்காரர்களும் எழுத்தாளர்களும் வருவார்கள் என்று கணக்குப் போட்டவர்கள் நினைக்கவில்லை. ஓம்கள் படிக்கத் தொடங்கியதும் திராக்குகள் விஷவாயு அடித்து அவர்களைப் பூச்சிகளைப் போல அழிப்பதைத் தோப்போரின் குழந்தைப் பருவத்தோடு சேர்த்துப் பார்த்தால் படம் இன்னும் கனக்கிறது. முடிவுதான் அவசரம். எழுபத்திரண்டு நிமிடப் படத்தில் சமாதானம் ஓரிரு நிமிடத்தில் வந்துவிடுகிறது, அதை நான் நம்பவில்லை.

முள்வேலி என்றால் என்ன என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் பிரகடனமானது. அதன்பின் வந்த ஆண்டுகளில் லயங்களை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளை ஒரே இடத்தில் குவித்து வேலி போட்டார்கள், அரிசிக்கு அளவு வைத்தார்கள், வெளிவாசலில் சோதனை. 'தி வுல்ஃப் ஹவுஸ்' படத்தை இங்கே போட்டபோது அந்த வேலிக் கதைகள் தானாகவே வெளிவந்தன.

2018-இல் வந்த அந்தச் சிலிப் படத்தை எடுத்தவர்கள் கிறிஸ்தோபல் லியோன், ஹொவாக்கின் கோசின்யா. பின்னணி உண்மையானது. 1961-இல் பால் ஷேஃபர் என்ற ஜெர்மானியர் சிலியில் 'கொலோனியா டிக்னிடாட்' என்ற குடியிருப்பை அமைத்தார். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைத்தார், அவர்களைச் சீரழித்தார். 1973-இல் ராணுவத் தளபதி பினோசே ஆட்சியைப் பிடித்த பிறகு அந்த இடம் ரகசியப் போலீசின் சித்திரவதைக் கூடமாகவும் பயன்பட்டது. வெளியே பார்ப்பவர்களுக்கு அது தேன் விற்கும், பாட்டுப் பாடும் ஒழுங்கான ஜெர்மானியக் கிராமம். தோட்டத்தை அதோடு ஒப்பிடக் கூடாது, இரண்டும் வேறு. படத்தின் தந்திரம்தான் நமக்கு முக்கியம்: குடியிருப்பே தன் நல்ல பெயருக்காக எடுத்த விளம்பரப் படம் போலத் தொடங்குகிறது. தப்பித்து ஓடிய மரியா என்ற பெண் காட்டில் ஒரு வீட்டில் ஒளிகிறாள், அங்கிருக்கும் இரண்டு பன்றிகளைப் பிள்ளைகளாக்கி வளர்க்கிறாள். வெளியே ஓநாயின் குரல் அவளை அன்பாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போகப்போக மரியாவே அந்தப் பிள்ளைகளை அடைத்துவைக்கும் ஓநாயாகிறாள். முழுப் படமும் வெட்டே இல்லாத ஒரே ஓட்டமாகத் தெரியும். முகங்கள் சுவரில் ஓவியமாக வளர்ந்து, சுவரைவிட்டுப் பிதுங்கி, காகிதமும் ஒட்டுநாடாவும் சேர்ந்த ஆளுயர உடம்பாகி, பிறகு உரிந்து விழுகின்றன. சாயம் வழிவதை மறைப்பதே இல்லை. இதை அவர்கள் பல ஆண்டுகள், பல அருங்காட்சியகங்களிலும் கலைக்கூடங்களிலும், பார்வையாளர் வந்து போகும் நேரத்திலேயே செய்தார்கள். எனக்கு இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய ஸ்டாப்-மோஷன் படம் இதுதான். தயங்காமல் சொல்வேன்.

பணம் போடுகிறவர்கள் இப்படிப்பட்ட படங்களைக் கண்டு ஒதுங்குவதால், செய்கிறவர்கள் ஆண்டுகளைத்தான் செலவழிக்கிறார்கள். கிறிஸ்டியான் செகாவ்ஸ்கி 'பிளட் டீ அண்ட் ரெட் ஸ்ட்ரிங்' படத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டார், 2006-இல் வெளியானது. 'ஸ்டார் வார்ஸ்', 'ரோபோகாப்' படங்களுக்கு உயிரிகள் செய்த ஃபில் டிப்பெட் 1990 வாக்கில் 'மேட் காட்' தொடங்கினார். 'ஜுராசிக் பார்க்' கணினிக்கு மாறியதும் தன் கலையே அழிந்துவிட்டது என்று மூட்டை கட்டினார். ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, அவர் ஸ்டுடியோவின் இளைஞர்கள் பழைய பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் தூண்ட, வார இறுதிகளில் தன்னார்வலர்களோடு தொடர்ந்து 2021-இல் முடித்தார். வசனமே இல்லாத, பூமிக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும் படம். முகமில்லாத நார் மனிதர்கள் வேலை செய்கிறார்கள், நசுங்குகிறார்கள், அடுத்த வரிசை வருகிறது. கதை தேடுபவர்களுக்குக் கோபம் வரும். அந்த நார் மனிதர்களைப் பார்த்தபின் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் விடியற்காலை பெயர் கூப்பிடுவதைப் பற்றி எங்களிடையே வந்த பேச்சு நெடுநேரம் ஓயவில்லை.

இந்த வகையில் போலிகளும் உண்டு. 1972-இல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு மட்டும் என்ற எக்ஸ் சான்றிதழ் பெற்ற முதல் முழுநீள அனிமேஷன் 'ஃப்ரிட்ஸ் தி கேட்'. வரலாற்றுக்காகப் பார்க்கலாம், அவ்வளவுதான். 1973-இல் ஜப்பானில் எய்ச்சி யமமோட்டோ இயக்கிய 'பெல்லடோனா ஆஃப் சேட்னஸ்' நீர்வண்ணத்தில் கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் ஒரு பெண்ணுக்கு நடக்கும் வன்முறையைக் கண்டிக்கும் அதே நேரத்தில் அதை ரசிக்கவும் செய்கிறது. அழகுக்காக அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. தவறான அலமாரியில் போய்ச் சேர்ந்தவையும் உண்டு. 1978-இல் வந்த 'வாட்டர்ஷிப் டவுன்' முயல்கள் கடித்துக் குதறி ரத்தம் சிந்தும் படம். பிரிட்டனில் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று யூ சான்றிதழ் கொடுத்தார்கள், நாற்பது ஆண்டுக்கு மேலான பிறகுதான் பெற்றோர் துணையோடு பார்க்க வேண்டிய பிஜி-க்கு மாற்றினார்கள். அதற்குள் ஒரு தலைமுறையே பயந்து வளர்ந்துவிட்டது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அட்டைப் படத்தில் முயலைப் பார்த்துவிட்டு விசிடி வாங்கிக் கொடுத்த நம் பெற்றோர்களையும் குறை சொல்ல முடியாது.

மலேசியாவுக்கு வருவோம். இந்த நாட்டின் அனிமேஷன் வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் ஆனந்தம் சேவியர். அரசின் படப்பிரிவான ஃபிலெம் நெகாராவில் பணிபுரிந்துகொண்டே 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' என்ற குறும்படத்தைக் கிட்டத்தட்டத் தனியாளாக வரைந்தார். 1983-இல்தான் அது மக்கள் கண்ணில் பட்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆனால் அது பிள்ளைகளுக்கான சருகுமான் கதை. பெரியவர்களுக்கான கதை நம்மிடம் கையில் இருக்கிறது, இன்னும் யாரும் அசைத்துப் பார்க்கவில்லை.

சயாம் மரண ரயிலைச் சொல்கிறேன். 1942-43-இல் சயாமின் (தாய்லாந்தின்) பான் போங் முதல் பர்மாவின் தான்பியூசயாட் வரை ஜப்பானியர்கள் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. அந்த வேலைக்கு அவர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. வெள்ளைக்காரக் கைதிகள் ஒளித்து வைத்த ஓவியங்களும் நாட்குறிப்புகளும் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. தோட்டத்துத் தமிழன் கதை பெரும்பாலும் வாய்வழியாகவே தங்கியிருக்கிறது. 1988-இல் வந்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' படத்தில் பட்டினியில் சாகும் ஜப்பானியக் குழந்தைகளுக்காக இங்கே எல்லோரும் அழுதார்கள். ஒரு தாத்தாவும் அழுதார். பிறகு, "எங்கண்ணனும் இப்படித்தான் எலும்பாப் போயிருப்பான், பார்க்கிறதுக்குத்தான் யாருமில்ல" என்றார்.

எலும்பாய்ப் போன உடம்பை எந்த நடிகராலும் முழுசாக நடிக்க முடியாது. காட்டையும் பாலத்தையும் ஆயிரம் ஆட்களையும் கொண்டுவரப் பணமும் கிடையாது. களிமண்ணுக்கு இந்த இரண்டு தடையும் இல்லை. பக்கத்து நாட்டில் ஏற்கனவே செய்து காட்டியிருக்கிறார்கள். கம்போடியாவின் ரித்தி பான், 1970-களில் அங்கே நடந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிச ஆட்சியில் தன் குடும்பத்தை இழந்தவர். அந்த ஆண்டுகளிலிருந்து மிஞ்சியிருந்த படங்கள் பெரும்பாலும் ஆட்சியே எடுத்த பிரச்சாரச் சுருள்கள். 2013-இல் அவர் 'தி மிஸ்ஸிங் பிக்சர்' எடுத்தபோது, அப்பாவையும் பிள்ளைகளையும் வயலில் வேலை செய்தவர்களையும் களிமண்ணில் பிடித்து வண்ணம் தீட்டி வைத்தார். அந்தப் பொம்மைகள் அசைவதே இல்லை. கேமரா நகர்கிறது, குரல் சொல்கிறது, அவை நிற்கின்றன. கான் விழாவின் ஒரு பிரிவில் முதல் பரிசு வாங்கிய படம் அது.

அசைக்கக்கூட வேண்டியதில்லை என்றால் செலவு இன்னும் குறைவு. ஒரு மேசை, சன்னல் வெளிச்சத்தை அடைக்கக் கறுப்புத் துணி, இரண்டு விளக்கு, தாங்கியில் வைத்த கைப்பேசி, ஆற்றங்கரை மண். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சயாமுக்குப் போனவர்களை நேரில் அறிந்த கடைசிப் பிள்ளைகள் இப்போது தொண்ணூறை நெருங்கிவிட்டார்கள். யார் என்ன உடுத்தியிருந்தார், லாரி எந்த இடத்தில் நின்றது, மூட்டையில் என்ன கட்டிக்கொண்டு போனார் என்று அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும். பொம்மைக்கு உடுப்பு தைக்க அந்த விவரங்கள்தான் தேவை.